வீட்டை இழுத்துக்கொண்டு வேலை தேடுவது

அமெரிக்காவில் ஆர்வி என்ற, படுக்கையும் சமையலறையும் கொண்ட பயண வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போகிறோம் என்று சொன்னவுடன் தமிழ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதுதான். நியாயமான கேள்வி. பிள்ளைகள் படிப்பை முடித்துத் தனியே போன பிறகு, டெக்சஸில் இருந்த வீட்டை விற்று, ஒரு டிரெய்லரையும் அதை இழுப்பதற்கு ஒரு பிக்கப் டிரக்கையும் நானும் என் கணவரும் வாங்கினோம். எங்கள் இருவருக்கும் ஓய்வூதியம் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. சேமிப்பில் கைவைக்காமல் வாழ வேண்டுமென்றால் வேலை செய்தாக வேண்டும். அதுவும் வீடு எங்கே நிற்கிறதோ அங்கேயே செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைகள் இந்த நாட்டில் நிறையவே இருக்கின்றன. அவற்றைத் தேடுகிற முறையும், கிடைத்ததை எடைபோடுகிற முறையும் நமக்குப் பழக்கமானவை அல்ல என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த வேலை தேடல் பயோடேட்டாவில் தொடங்கும். இங்கே நாட்காட்டியில் தொடங்க வேண்டும். கோடையில் வடக்கு, குளிர்காலத்தில் தெற்கு என்பது ஆர்வியில் வாழ்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான வழித்தடம். வேலைகளும் அதே வழித்தடத்தில்தான் வருகின்றன. யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களில் விடுதிகளும் கடைகளும் ஏறக்குறைய மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை நடக்கும். அவற்றுக்கான ஆட்களை முந்தைய குளிர்காலத்திலேயே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். டெக்சஸில் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்க ஜூன் 24 முதல் ஜூலை 4 வரை சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் சில நாள்களுக்கு நெடுஞ்சாலை ஓரக் கடையின் பின்னால் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு இரவும் பகலும் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி தேவைப்படும். அக்டோபரில் வடக்கே, சர்க்கரை எடுக்கும் கிழங்கான சுகர் பீட்டின் அறுவடை. அதே மாதத்தில் பல ஊர்களில் பூசணிக்காய் விற்பனை. நவம்பர் இறுதியில் கிறிஸ்துமஸ் மரக் கடைகள். குளிர்காலம் முழுவதும் அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் உள்ள ஆர்வி பூங்காக்கள் நிரம்பி வழியும். அங்கே அலுவலகத்துக்கும் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். ஒரு பருவத்து வேலையை அதற்கு இரண்டு பருவங்களுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சீசன் தொடங்கிய பிறகு போய் நின்றால், யாரோ பாதியில் விட்டுப்போன, பெரும்பாலும் விட்டுப்போவதற்குக் காரணமுள்ள வேலைதான் மிஞ்சியிருக்கும்.

இந்த வாழ்க்கைக்கு வொர்க்கேம்பிங் என்று பெயர். 1987-இல் தொடங்கிய ‘வொர்க்கேம்பர் நியூஸ்’ என்ற இதழ்தான் இத்தகைய விளம்பரங்களை ஓரிடத்தில் திரட்டியது. இன்றும் அது இணையத்தில் இயங்குகிறது. தேசியப் பூங்காக்களில் வேலைக்குப் போகிறவர்கள் 1995 முதல் நடந்துவரும் ‘கூல்வொர்க்ஸ்’ தளத்தைப் பார்ப்பார்கள். பெரிய நிறுவனங்களும் இந்தக் கூட்டத்தைக் கண்டுகொண்டன. அமேசான் 2008-இல் கான்சஸ் மாநிலத்தின் கோஃபிவில் கிடங்கில் ஆர்விக்காரர்களைப் பண்டிகைக் கால வேலைக்கு எடுக்கத் தொடங்கி, பல மாநிலங்களுக்கு அதை விரிவாக்கி, பின்னாளில் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. அதை நம்பி ஆண்டுக் கணக்கைப் போட்டு வைத்திருந்த முதியவர்கள் பலர் வேறு வழி தேட நேர்ந்தது. ஒரே முதலாளியை நம்பி ஆண்டைத் திட்டமிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

மேலே போவதற்கு முன், நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாதவர்கள் இந்த வாழ்க்கையில் இறங்குவதற்கு முன்பு குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எச்-1பி விசா ஒரு முதலாளியோடு மட்டுமன்றி, விண்ணப்பத்தில் எழுதிய பணியிடத்தோடும் கட்டப்பட்டது. அந்த நகரப் பகுதியை விட்டுப் பணியிடம் மாறினால் முதலாளி திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சிமியோ என்ற நிறுவனத்தின் எச்-1பி வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போய் வேலை பார்ப்பது அந்த விசாவுக்குப் பொருந்தாது. அவர்களுடைய குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் தனியாக வேலை அனுமதி பெற்றிருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோர், ‘சும்மா உதவிதானே செய்கிறோம், சம்பளமா வாங்குகிறோம்’ என்று எண்ணிவிடக் கூடாது. உழைப்புக்கு ஈடாகத் தருகிற உணவும் தங்குமிடமும் கூட ஊதியமாகவே கருதப்படும். சைட், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடம், இலவசம் என்பதற்காகக் கேம்ப்கிரவுண்ட் என்கிற முகாம் திடலில் கழிப்பறை கழுவினாலும் சட்டத்தின் பார்வையில் அது வேலைதான். ஒரு சீசன் வாடகையை மிச்சம் பிடிக்கப்போய்ப் பல ஆண்டுக் காத்திருப்பை இழக்க வேண்டாம்.

இனி, எல்லோரும் முதலில் எட்டிப்பார்க்கிற வேலையான கேம்ப் ஹோஸ்ட் வேலைக்கு வருகிறேன். வனத்துறையின் கேம்ப்கிரவுண்டுகளில் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்துகின்றன. வாயிலுக்குப் பக்கத்துச் சைட்டில் ஹோஸ்டின் வண்டி நிற்கும். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, கட்டண உறைகளைச் சேகரிப்பது, விறகு விற்பது, இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுகிறவர்களிடம் தணிவாகப் பேசுவது என்று வெளியிலிருந்து பார்க்க இலகுவாகத் தெரியும். நாளின் பெரும்பகுதி உண்மையில் குனிந்து நிமிர்வதிலேயே கழியும். ஒவ்வொரு சைட்டிலும் தீ மூட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம் இருக்கும். முகாமிட்டவர்கள் கிளம்பியதும் அதிலுள்ள சாம்பலை அள்ள வேண்டும். சாம்பலுக்குள் உருகிச் சுருண்ட அலுமினியத் தாள், பாட்டில் மூடி, சோளக் கருது, பாதி எரிந்த டயப்பர் எல்லாம் கிடக்கும். மேலே வெண்சாம்பலாக ஆறிக்கிடந்தாலும் அடியில் கனல் இருக்கும் என்பதால், தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் சூடு பார்த்த பிறகே வாளியில் அள்ள வேண்டும். காட்டுத்தீப் பருவத்தில் இந்த ஒரு காரியத்தில் அசட்டையாக இருந்துவிட முடியாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. காலையில் பைன் மரங்களுக்கு நடுவே கூடாரங்கள் விழித்தெழுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து வருகிற சுகத்துக்காகவே இன்னொரு கோடையும் செய்வேன்.

ஆனால் பிடித்திருப்பது வேறு, கணக்கு வேறு. இந்தத் துறையின் மிகப் பெரிய குழப்பம் ‘இலவச சைட்’ என்ற சொல்லில் இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் உள்ள இடத்தை ஃபுல் ஹுக்கப் என்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தம்பதி இருவரும் வாரத்துக்கு இத்தனை மணிநேரம் உழைக்க வேண்டும் என்பார்கள். ஒரு தனியார் ஆர்வி பூங்காவிலிருந்து எங்களுக்கு வந்த அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் 20 மணிநேரம், சம்பளம் கிடையாது, சைட் மட்டும். அதே சைட்டை மாத வாடகைக்கு எடுத்தால் 600 டாலர். இருவரும் சேர்ந்து மாதத்துக்குச் சுமார் 172 மணிநேரம் உழைத்தால், மணிக்கு மூன்றரை டாலர்கூட முழுதாக வரவில்லை. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமே 2009 முதல் 7.25 டாலராக இருந்துவருகிறது. பல மாநிலங்களில் அதைவிட வெகுவாக அதிகம். நாங்கள் அந்த அழைப்பை ஏற்கவில்லை. ஏற்றிருந்த இன்னொரு தம்பதியைப் பிறகு சந்தித்தபோது, ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேலும் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று தெரிந்தது. அறுபதைத் தாண்டிய அந்த அம்மாள் மெத்தை உறைகளை மாற்றுவதும் குளியலறைகளைக் கழுவுவதுமாக ஒரு நாள்கூட உட்காராமல் கோடையைக் கழித்திருக்கிறார். இலவசம் என்ற சொல்லால் மனிதர்களின் உழைப்பை இப்படி உறிஞ்சுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது, ஓரளவு கைவிடுகிறது. லாபத்துக்காக நடக்கும் தனியார் நிறுவனத்தில் ‘தன்னார்வலர்’ என்று யாரையும் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. அது அரசு அமைப்புகளுக்கும் அறப்பணி அமைப்புகளுக்கும் மட்டுமே உரியது. அதே சமயம், ஆண்டுக்கு ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை, பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் மிகைநேர ஊதியத்திலிருந்தும் விலக்கு உண்டு. கோடைக் கேம்ப்கிரவுண்டுகள் பல இந்த விலக்கின் நிழலில் நிற்கின்றன. சைட்டின் மதிப்புக்கு வருமான வரி உண்டா என்பதற்கும் விதி இருக்கிறது: தங்குமிடம் முதலாளியின் வளாகத்திலேயே இருக்க வேண்டும், முதலாளியின் வசதிக்காகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும், அங்கே தங்குவது வேலையின் நிபந்தனையாகவும் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அதை வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை. ஒன்று தவறினாலும் சேர்க்க வேண்டும். நாங்கள் கடைப்பிடிப்பது ஒரே முறையைத்தான். உழைக்கிற ஒவ்வொரு மணிக்கும் சம்பளம் கொடுங்கள், சைட்டுக்கு நியாயமான வாடகையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்கிறோம். இப்படிக் கேட்டதும் முகம் சுளிக்காத முதலாளியிடம் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது.

அரசிடம் தன்னார்வப் பணி செய்வது வேறு கதை. வனவிலங்குப் புகலிடங்களும் தேசியப் பூங்காக்களும் ராணுவப் பொறியாளர் படையின் ஏரிப் பூங்காக்களும் ‘வாலண்டியர்.கவ்’ தளத்தில் ஆள் கேட்கின்றன. சம்பளம் கிடையாது; சைட் கிடைக்கும்; 250 மணிநேரம் பணிசெய்தால் கூட்டாட்சி நிலங்களுக்கான ஓராண்டு நுழைவுச் சீட்டும் கிடைக்கும். பணம் தேவைப்படாத மாதங்களில் செய்யத் தக்கது, பணம் தேவைப்படுகிற மாதங்களில் தவிர்க்கத் தக்கது.

பணம் தேவைப்படுகிற மாதத்துக்கு நான் பரிந்துரைப்பது சுகர் பீட் அறுவடையை. மினசோட்டாவுக்கும் வட டகோட்டாவுக்கும் இடையே வடக்கு நோக்கி ஓடுகிற ரெட் ரிவர் பள்ளத்தாக்கில், விவசாயிகளுக்கே சொந்தமான அமெரிக்கன் கிரிஸ்டல் சுகர் என்ற கூட்டுறவு நிறுவனம் மூர்ஹெட், குரூக்ஸ்டன், கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ், ஹில்ஸ்பரோ, டிரேட்டன் ஆகிய ஊர்களில் ஆலைகளை நடத்துகிறது. நம் ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வந்து இறங்குவதைப் போல, இங்கே வெளிறிய நிறமுள்ள, ஒவ்வொன்றும் சிறு பூசணியின் கனம் இருக்கக்கூடிய பீட் கிழங்கு லாரி லாரியாக வந்து இறங்கும். அக்டோபர் முதல் நாளில் பெரிய அறுவடை தொடங்கிவிட்டால், வானிலை இடம் கொடுக்கும் வரை இருபத்து நான்கு மணிநேரமும் நடக்கும். ஆள்களுக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். அறுவடையான கிழங்கை 30 அடி உயரக் குவியல்களாக வெட்டவெளியில் குவித்துவைப்பார்கள். வடக்கின் கடுங்குளிரே அதைக் கெடாமல் காக்கும். ஆலை அதை மாதக்கணக்கில் எடுத்து அரைக்கும்.

நான் நின்றது இரவு ஷிப்டில், கிழங்கைக் குவிக்கும் பைலர் என்ற பெரிய இயந்திரத்தின் பக்கத்தில். லாரி வந்து பின்வாங்கும்போது கையசைத்து வழிகாட்ட வேண்டும். ஓட்டுநர் நீட்டுகிற சீட்டில் மாதிரி எடுக்கும் குறி இருந்தால், பையைச் சரியான வாயில் மாட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். சில கிழங்குகள் தடதடவென்று பைக்குள் விழும். அந்தப் பை ஆய்வகத்துக்குப் போய், அதிலிருக்கும் சர்க்கரையின் அளவையும் ஒட்டியிருக்கும் மண்ணின் அளவையும் வைத்துத்தான் விவசாயிக்குப் பணம் கணக்கிடப்படும். ஆகையால் ஒருவருடைய சீட்டு இன்னொருவருடைய பைக்குள் போய்விடக் கூடாது. இயந்திரம் உதிர்த்த மண்ணை அதே லாரியில் திருப்பி ஏற்றி அனுப்புவார்கள். வயலின் மேல்மண் வயலுக்கே போய்ச்சேரும். இடைவெளி கிடைத்தால் மண்வெட்டியால் தளத்தைச் சுரண்ட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கின் களிமண் பூட்ஸில் ஒட்டினால் ஒவ்வொரு காலும் இரு மடங்கு கனக்கும். பின்னிரவில் நதிப்பக்கமிருந்து வீசும் காற்று முழங்கைக்குள் இறங்கும். முகத்தை மூடும் குல்லாய், தண்ணீர் புகாத பூட்ஸ், இரண்டு ஜோடிக் கையுறை ஆகியவை இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

இந்த வேலையின் நன்மை, சில வாரங்களில் கணிசமான தொகை சேர்ந்துவிடும். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகமையே சைட்டையும் ஏற்பாடு செய்துவிடும். இடர் வானிலையில் இருக்கிறது. வெயில் ஏறினால் கிழங்கு குவியலில் வெந்து அழுகும் என்று நிறுத்திவிடுவார்கள். உறைபனி முற்றினாலும் நிறுத்துவார்கள். மழை பெய்து வயல் சேறானால் லாரியே இறங்காது. நிறுத்திய நாளுக்கு வழக்கமாகச் சம்பளம் கிடைக்காது. ஆகவே இத்தனை நாள் ஓடும், இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே செலவைத் தீர்மானித்துவிடாமல், அதில் பாதி வந்தாலும் சமாளிக்கக்கூடிய நிலையில் போக வேண்டும்.

டெக்சஸின் எண்ணெய் வயல்களில் வாயில் காவல் இன்னொரு வேலை. தார்ச்சாலையிலிருந்து வயலுக்குப் பிரிகிற மண்சாலையில் டிரெய்லரை நிறுத்தி, உள்ளே போகும் வெளியே வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும். தம்பதி மாறி மாறித் தூங்கி இருபத்து நான்கு மணிநேரமும் காக்க வேண்டும். ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி எல்லாவற்றையும் நிறுவனம் கொண்டுவந்து வைக்கும். பல நிறுவனங்கள் காவலர்களை ஊழியராகக் கொள்ளாமல் சுயதொழிலாளராகவே கொள்கின்றன. 2013-இல் ஒரு வழக்கில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றமும் அதை ஏற்றது. சுயதொழிலாளர் என்றால் 15.3 சதவீத சுயதொழில் வரி நம் தலையில். மிகைநேர ஊதியம் இல்லை. அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் வழக்கமாக இல்லை. நாள்கூலி பெரிதாகத் தெரிந்தாலும், அதை இருபத்து நான்கால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கையில் தொழில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. என் கணவர் மென்பொருள் வேலையை விட்ட பிறகு ஆர்வி பழுதுபார்ப்பைக் கற்றுக்கொண்டார். டெக்சஸின் ஏதென்ஸ் என்ற சிற்றூரில் இதற்கென்றே தேசிய ஆர்வி பயிற்சிக்கூடம் இருக்கிறது. எந்த ஊர்க் கேம்ப்கிரவுண்டில் போய் நின்றாலும் கேஸ் கசிகிறது, தண்ணீர் பம்பு நிற்காமல் ஓடுகிறது, பக்கவாட்டில் நீளும் அறை பாதியில் சிக்கிக்கொண்டது என்று யாராவது ஒருவர் இருப்பார். விற்பனை நிலையங்களின் பட்டறைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், வீட்டை விட்டு வெளியேறாமலே பழுது தீர்வது அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அதே நிலையில் வாழ்கிற எங்களுக்குத் தெரியும். பல பூங்காக்கள் வெளியாள் பழுதுபார்க்கக் காப்பீட்டுச் சான்று கேட்கும் என்பதால், அதை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. செவிலியர்களுக்கும் வழி இருக்கிறது: பதின்மூன்று வார ஒப்பந்தங்களில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போகலாம். ஆனால் நிலையான வீடு எதையும் பராமரிக்காமல் ஆர்வியிலேயே முழுநேரமும் வாழ்கிறவருக்கு வரிச்சட்டப்படி ‘வரி இல்லம்’ கிடையாது என்பதால், மற்றச் செவிலியர்கள் வரியின்றிப் பெறும் தங்குமிடப் படித்தொகை அவருக்கு வரிக்கு உட்பட்டதாகிவிடும்.

இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. நான் சிறு வணிகர்கள் சிலருக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். கேம்ப்கிரவுண்டின் வைஃபையை நம்பி எந்த வாடிக்கையாளருக்கும் நாள் குறிக்க முடியாது. செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2022 முதல் ஆர்விகளுக்குக் கிடைப்பது பெரிய மாறுதல்தான். ஆனாலும் அதற்குத் திறந்த வானம் வேண்டும், மரநிழலில் உள்ள அழகான சைட்டில் அது திணறும். அதனால் செல்போன் இணைப்பையும் கூடவே வைத்திருக்கிறோம்.

கடைசியாக, முகவரி. எங்கே வாழ்ந்தாலும் சட்டத்துக்கு ஒரு மாநிலம் வேண்டும். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், ஃப்ளோரிடா, தென் டகோட்டா ஆகிய மூன்றையுமே ஆர்விக்காரர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். தென் டகோட்டாவில் ஓரிரவு தங்கிய ரசீதையும் தபால் சேவை முகவரியையும் வைத்து ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் டெக்சஸின் லிவிங்ஸ்டனிலிருந்து உறுப்பினர்களின் தபாலை வாங்கி அனுப்பிவைக்கிறது. நாங்கள் டெக்சஸ்காரர்களாகவே தொடர்வதால் அதுதான் எங்கள் முகவரி. இருப்பிடம் டெக்சஸாக இருந்தாலும் மினசோட்டாவில் ஈட்டிய கூலி மினசோட்டாவின் வரிக்கு உட்பட்டது. வேலை பார்த்த ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கணக்குத் தாக்கல் செய்ய நேரலாம். மருத்துவக் காப்பீடும் முகவரியைத் தொடர்ந்தே வரும். பல திட்டங்கள் வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டுமே செல்லும் என்பதால், தொடர் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் வேலை எங்கே என்று பார்ப்பதற்கு முன்பு மருத்துவர் எங்கே என்று பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் டிரெய்லரிலேயே பத்திரமாக வைத்திருங்கள். சேர்ந்த மூன்று வேலை நாள்களுக்குள் மூலச் சான்றுகளை ஒவ்வொரு புதிய முதலாளியும் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவை மகன் வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை.

அடுத்த குளிர்காலத்துக்கு ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு பூங்காவோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். மணிக்கணக்கில் சம்பளம், சைட் வாடகை தனி, வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு, மின்கட்டணம் அவர்களுடையது என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடிதம் வந்ததும் கையெழுத்திடுவோம்.